பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட்: பெடலை மிதிச்சா ‘டக்’ மட்டும்தான், எஞ்சின் சுத்தலை

பீச்ட்ரீவாசி:

வண்டி 1995 கிளப் கார் டிஎஸ், பெட்ரோல், கவாசாகி எஃப்இ290 எஞ்சின். சீரியல் நம்பர் ஏஜி95-னு ஆரம்பிக்குது. ஊர் ஜார்ஜியாவில் பீச்ட்ரீ சிட்டி. ஊர் முழுக்க கார்ட் பாதை, பால் வாங்கக்கூட இந்த வண்டிதான்.

சாவியைத் திருப்பிப் பெடலை மிதிச்சா சீட்டுக்கடியில ‘டக்’னு ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையாது. அஞ்சாறு தடவை மிதிச்சா ஒரு தடவை முக்கி முனகி சுத்தி ஸ்டார்ட் ஆகும். மழை பெய்ஞ்ச மறுநாள் அதுவும் கிடையாது.

இதுவரை மாத்தினது: பேட்டரி, சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடற காந்த ஸ்விட்ச்). ரெண்டும் புதுசு, பலன் பூஜ்யம். ஒரு விசித்திரம் மட்டும் பார்த்தேன். கார்ல இருந்து ஜம்ப் கேபிள் போடும்போது ரெண்டு கிளிப்பையும் கார்ட் பேட்டரியிலேயே மாட்டினா அதே ‘டக்’. கறுப்பு கிளிப்பை மட்டும் எஞ்சின் போல்ட்டில மாட்டினா உடனே சுத்துது. அடுத்தது ஸ்டார்ட்டரா? இருநூறு டாலர் பக்கம் சொல்றாங்க.

ஓம்விதி:

ஸ்டார்ட்டரை வாங்காதீங்க. விசித்திரம்னு நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்கு. ஆனா ஊகத்துல ஏற்கனவே ரெண்டு பாகம் மாத்தியாச்சு, மூணாவதையாவது அளந்துட்டு மாத்துவோம்.

இந்த வண்டியில கரண்ட் ரெண்டு வழியில போகுது. சின்ன வழி: ஃபியூஸ், சாவி, பெடல் அசைச்சா அமுங்கற மைக்ரோ ஸ்விட்ச், சொலினாய்டு காயில். பெரிய வழி: பேட்டரி பாசிட்டிவ், சொலினாய்டின் ரெண்டு பெரிய போல்ட், ஸ்டார்ட்டர், அங்கேருந்து கிரவுண்ட் (எஞ்சின், ஃப்ரேம் உலோகம்தான் திரும்பற வழி) வழியா பேட்டரி நெகட்டிவ். சத்தமே வரலைன்னா சின்ன வழியைத் தேடணும். ‘டகடகடக’ன்னு துடிச்சா பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை முனை லூசா இருக்கும். உங்களுக்கு ஒரே ‘டக்’, அப்புறம் அமைதி. சின்ன வழி வேலை செஞ்சு சொலினாய்டு மூடுது. பெரிய வழியில எங்கேயோ வோல்டேஜ் தொலையுது.

அதுக்கு மீட்டரை ஓம்ல வைக்காதீங்க. ஒரு கேபிள்ல நூறு இழையில ரெண்டே இழை மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் ‘நல்லாயிருக்கு’ன்னுதான் சொல்லும். லோடு இருக்கும்போது வோல்ட் பார்க்கணும்.

முதல்ல பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஃபார்வர்ட்-ரிவர்ஸ் லீவரை நியூட்ரல்ல போட்டு, நியூட்ரல் லாக்அவுட்டை (லீவர் நியூட்ரல்லயே நிக்க வைக்கிற பூட்டு) சர்வீஸ் நிலைக்குத் திருப்பி வைங்க. இதைச் செய்யாம எஞ்சின் பட்டுனு பிடிச்சா வண்டி உங்க மேலயே வரும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டி, அதன் முனையை எஞ்சின்ல கிரவுண்ட் பண்ணிடுங்க. இப்போ ஒருத்தரை மூணு விநாடி மட்டும் பெடல் மிதிக்கச் சொல்லி, மிதிச்சிருக்கும்போதே டிசி வோல்ட்ல பாருங்க:

1. பேட்டரியின் ரெண்டு ஈய முனைக்கும் நடுவே (கிளாம்ப் மேல இல்லை, முனை மேல).
2. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து சொலினாய்டில் அந்தக் கேபிள் வந்து சேர்ற பெரிய போல்ட் வரை.
3. சொலினாய்டின் ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே.
4. ஸ்டார்ட்டர்ல எஃப்1 முனைக்கும் (கரண்ட் உள்ளே வர்றது) ஏ2 முனைக்கும் (கிரவுண்டுக்குப் போறது) நடுவே.
5. ஸ்டார்ட்டர் ஏ2-விலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனை வரை.

இரண்டு, மூணு, ஐந்து மூணுமே 0.3-க்குக் கீழ இருக்கணும். எண்களை இங்கே போடுங்க.

டிங்கர்தாஸ்:

ஸ்டார்ட்டர் உள்ளே இருக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சாலும் இதே மாதிரிதான் ‘டக்’ வரும். யாராவது பெடலை மிதிச்சிருக்கும்போது ஸ்டார்ட்டர் உடம்புல ரப்பர் சுத்தியலால ஒரு தட்டு தட்டிப் பாருங்க, சுத்தினா பிரஷ்தான். சொலினாய்டும் கோல்ஃப் கார்ட் கடையில வாங்காதீங்க, பகல் கொள்ளை. பழைய ஃபோர்டுக்கு வர்ற ஸ்டார்ட்டர் ரிலே பாதி விலை, பெரிய போல்ட்டு ரெண்டு, சின்னது ரெண்டு, அப்படியே மாட்டலாம்.

ஓம்விதி:

தட்டிப் பார்க்கிறது சரி. ஆனா அந்த ஃபோர்டு ரிலே மட்டும் வேண்டாம் தாஸ் அண்ணே. கார்ல சாவியை விட்டதும் ரிலே விடுபட்டுடும், அஞ்சு பத்து விநாடி தாங்கினா போதும். இங்கே ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருப்படி, பெல்ட்டால எஞ்சினோட கட்டியிருக்கு. பெடல் அமுங்கியிருக்கிற நேரம் பூரா சொலினாய்டு மூடியே இருக்கும். முதல்ல மோட்டாரா எஞ்சினைச் சுத்தும், எஞ்சின் வேகம் பிடிச்சதும் அதே ஆர்மேச்சர் (உள்ளே சுத்தற பகுதி) ஜெனரேட்டரா மாறும். அரை மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரமும் காயில்ல கரண்ட். கார் ரிலே காயில் அந்தச் சூட்டைத் தாங்காது, வார்னிஷ் உருகி நாறும். தொடர்ந்து மூடியிருக்கவே செஞ்ச 12 வோல்ட் சொலினாய்டுதான் வேணும். எலக்ட்ரிக் கார்ட்டுக்கு வர்ற 36, 48 வோல்ட் சொலினாய்டும் வெளியே பார்க்க இதே மாதிரி இருக்கும். அது 12 வோல்ட்டுக்கு ஒழுங்கா இழுக்காது. காயில் வோல்டேஜைப் படிச்சுட்டு வாங்குங்க.

பீச்ட்ரீவாசி:

ரெண்டு தடவை எடுத்தேன், கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6. பெடல் மிதிச்சப்போ:
1 – 11.5
2 – 0.2
3 – 0.2
4 – 5.9
5 – 5.2

சுத்தியல் தட்டும் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை.

ஓம்விதி:

கூட்டிப் பாருங்க: 0.2 + 0.2 + 5.9 + 5.2 = 11.5. கணக்கு நேராயிருக்கு, அப்போ அளவும் நேர். ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கிறது வெறும் 5.9, கிரவுண்ட் பக்கம் தின்னது 5.2. சொலினாய்டு பாவம், பழசையும் எடுத்து வைங்க, ஸ்பேராகும்.

இனி அந்த 5.2-ஐத் துண்டு துண்டா பிரிக்கணும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயத்துல நிலையா இருக்கட்டும். சிவப்பு முனையை ஒவ்வொரு இடமா நகர்த்துங்க: கிளாம்ப், கேபிளின் மறுகோடியில இருக்கிற லக் (போல்ட் நுழையற ஓட்டை வச்ச உலோக முனை), லக் உட்கார்ந்திருக்கிற ஃப்ரேம் உலோகம், எஞ்சின் பிளாக், கடைசியா ஏ2. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவே எண் எகிறுதோ அங்கேதான் கோளாறு.

என் சந்தேகம் லக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே. கிளப் கார் ஃப்ரேம் அலுமினியம். துருப்பிடிக்காதுன்னு பெருமையா சொல்லுவாங்க, ஆனா செம்பு லக்கை அதுமேல வச்சு முறுக்கி, நடுவே ஈரமும் பேட்டரி ஆவியும் பட்டா ரெண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடியா ஒரு படலம் வரும். அதுல கரண்ட் போகாது, போல்ட் மட்டும் கல்லு மாதிரி இறுகி நிக்கும். ஆட்டிப் பார்க்கிறவன் ‘கிரவுண்ட் நல்லாயிருக்கு’ன்னு போயிடுவான்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுல உட்கார்ந்திருக்கு, அதனால ஃப்ரேமிலிருந்து எஞ்சினுக்குப் போற கிரவுண்ட் பட்டையையும் விட்டுடாதீங்க.

பீச்ட்ரீவாசி:

கிளாம்ப் 0. லக் 0.1. ஃப்ரேம் 4.8. பிளாக் 5.0. ஏ2 5.2.

போல்ட்டைக் கழட்டினேன். லக் அடியில நீங்க சொன்ன அதே வெள்ளைப் பொடி, நகத்தால சுரண்டினா உதிருது. நட்சத்திர வாஷர் பாதி காணோம்.

ஓம்விதி:

லக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே மட்டும் 4.7 வோல்ட். பிடிபட்டாச்சு.

பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டிட்டு ஆரம்பிங்க. ஃப்ரேமில லக் உட்கார்ற வட்டத்தை ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால பளபளன்னு தேய்ங்க. இரும்பு பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு திரும்ப அரிப்பைத் தொடங்கும். தேய்ச்ச உடனேயே அலுமினிய வயரிங்குக்குன்னு ஹார்டுவேர் கடையில விக்கிற ஆன்டி-ஆக்ஸிடன்ட் பேஸ்ட்டை மெலிசா பூசுங்க. நாளைக்குன்னு தள்ளினா படலம் திரும்ப வந்துடும். வெறும் செம்பு லக்குக்குப் பதிலா வெள்ளீயம் பூசின லக், புது நட்சத்திர வாஷர், ஸ்டெயின்லெஸ் போல்ட்.

அதோட நிக்காதீங்க. 6 கேஜ் கேபிள் ஒண்ணு, ரெண்டு மூணு அடி போதும், பேட்டரி நெகட்டிவ்ல இருந்து எஞ்சின்ல ஏ2 கேபிள் சேர்ற போல்ட்டுக்கு நேரா போடுங்க. ஸ்டார்ட்டர் கரண்ட் ஃப்ரேம் வழியா போகவே வேண்டாம். ஜம்ப் கேபிளை எஞ்சின்ல மாட்டினப்போ தெரியாமலே இதைத்தான் செஞ்சீங்க. பழைய ஃப்ரேம் கிரவுண்டும் இருக்கட்டும், சொலினாய்டு காயில், லைட் எல்லாத்துக்கும் அது வேணும்.

கேரேஜ்_குமரன்:

இதே திரியைத் தேடி வர்ற மத்தவங்களுக்கு ரெண்டு விஷயம். உங்க வண்டி ஈ-ஸி-கோ (இன்னொரு கார்ட் கம்பெனி), ராபின் எஞ்சின்னா கிரவுண்ட் கெட்டா தலைவலி இன்னும் ஜாஸ்தி. அதுல ஸ்பார்க் உண்டாக்கற இக்னைட்டர் பேட்டரி கரண்ட்ல ஓடுது, எஞ்சின் சுத்தும் ஆனா ஸ்பார்க் வராது. இந்தக் கவாசாகியில ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. ஃப்ளைவீல் காந்தமே உண்டாக்கும், பெடலை விட்டா கில் ஸ்விட்ச் அதைக் கிரவுண்ட் பண்ணி நிறுத்தும். அதனால நல்லா சுத்தியும் ஸ்பார்க் இல்லைன்னா, முதல்ல இக்னிஷன் காயிலுக்கு வர்ற கில் வயரைக் கழட்டிட்டு ஸ்பார்க் பாருங்க. வந்தா காயில் நல்லது, கில் ஸ்விட்ச் ஒட்டிக்கிச்சு.

ரெண்டாவது, ஸ்டார்ட்டரைச் சோதிக்கிறேன்னு பெல்ட்டைக் கழட்டிட்டு நேரடியா 12 வோல்ட் கொடுக்காதீங்க. மோட்டாரா ஓடும்போது அது சீரிஸ் வைண்டிங், லோடு இல்லைன்னா வேகம் ஏறிக்கிட்டே போகும். ஒரு நொடி தொட்டு எடுக்கணும், அவ்வளவுதான். கழட்டறதுக்கு முன்னாடி ஏ1, ஏ2, எஃப்1, எஃப்2, டிஎஃப்னு குறிச்ச முனை எல்லாத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வைங்க.

பீச்ட்ரீவாசி:

முடிஞ்சது. பெடலை மிதிச்ச உடனே சுத்துது. சுத்தும்போது பேட்டரி 10.8, எஃப்1–ஏ2 நடுவே 10.2, கிரவுண்ட் பக்கம் மொத்தமே 0.2. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு விநாடி ‘க்ரீச்’னு சத்தம்.

ஓம்விதி:

அது பெல்ட். 5.9 வோல்ட்டுல முனகினப்போ வழுக்கலை, இப்போ முழு பலம் வந்ததும் வழுக்குது. பெல்ட் நடுவே கட்டைவிரலால அழுத்தினா அரை அங்குலத்துக்கு மேல உள்ளே போகக்கூடாது. ஓரம் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தா இறுக்கிப் பலனில்லை, மாத்துங்க. ரொம்ப இறுக்கினா ஸ்டார்ட்டர் பேரிங் போகும்.

பெல்ட் சரியானதும் நியூட்ரல்லயே எஞ்சினைக் கொஞ்சம் வேகமா ஓடவிட்டு பேட்டரியில வோல்ட் பாருங்க. 14-க்கும் 15-க்கும் நடுவே வரணும். 12.5-லயே நின்னா டிஎஃப் முனையில வர்ற வயரையும், சார்ஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரையும் பார்ப்போம், எண்ணை இங்கேயே போடுங்க.