பத்தாயிரம் அடி இலக்கு: என் அப்பாவின் முழங்காலை முன்வைத்து ஒரு கேள்வி

காலடிப்பேட்டை மகள்:
என் அப்பாவுக்கு வயது 68. தீபாவளிக்குத் தம்பி அவருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். பெட்டியைத் திறந்தபோதே அதில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. அதை மாற்றலாம் என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்று முன்தினம் இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் செருப்புச் சத்தம் கேட்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவே, வலது காலைச் சற்றே இழுத்தபடி, அப்பா போவதும் வருவதுமாக இருந்தார். "இன்னும் எண்ணூத்து நாப்பதுதான் பாக்கி, நீ போய்ப் படும்மா" என்றார். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு எழுவதற்கே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓர் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'மன்போ கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தது. ஒரு விற்பனைப் பொருளின் பெயர், அறுபது ஆண்டுகள் கழித்துத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு முதியவரைத் தூங்கவிடாமல் அலைக்கழிக்க வேண்டுமா? இந்த இலக்கையே தூக்கி எறிய வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை நடையர்:
அம்மா, உங்கள் தந்தையின் வலியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் இலக்கையே தூக்கி எறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்தான் என்னைக் காப்பாற்றியது. எனக்கு 51 வயது. துறைமுகம் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. சர்க்கரை நோய் வந்து நான்கு ஆண்டுகளாக மருத்துவர் "கொஞ்சம் நடங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? தெருமுனை டீக்கடை வரை போய்வந்துவிட்டு, நடந்துவிட்டேன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். அடி எண்ணும் பட்டை கையில் ஏறிய முதல் நாள் இரவு அது காட்டியது 2,300 அடி. அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது மாலையில் வீடு திரும்பும்போது இரண்டு நிலையம் முன்னதாக, வண்ணாரப்பேட்டையிலேயே மெட்ரோவை விட்டு இறங்கி நடக்கிறேன். மாத்திரையோடு இந்த நடையும் சேர்ந்து, பதினோரு மாதத்தில் என் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9.1இலிருந்து 7.2க்கு வந்திருக்கிறது. எண் விளம்பரத்தில் பிறந்தது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. 2022இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில், பதினைந்து ஆய்வுகளையும் ஏறக்குறைய 47,000 பேரையும் சேர்த்துப் பார்த்து வெளியான கட்டுரை, நாளுக்கு 8,000 முதல் 10,000 அடி வரை நன்மை கூடிக்கொண்டே போவதைக் காட்டியது.

ராயபுரம் இயன்முறையாளர்:
நடையர் ஐயா, அந்தக் கட்டுரையின் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அளவு அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அறுபதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளாகவே அந்த நன்மை கூடுவது நின்றுவிடுகிறது என்று அதே கட்டுரை சொல்கிறது. இந்தச் சகோதரி கேட்பது 68 வயதுக்காரரைப் பற்றி.

இதற்கு முன்பே, 2019இல், ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதுள்ள பெண்கள் 16,741 பேரைக் கவனித்தார்கள். 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. 2025இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த பெரிய தொகுப்பாய்வும், 2,000 அடியோடு ஒப்பிட்டால் 7,000 அடியில் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு என்கிறது. அதாவது, உட்கார்ந்தே இருப்பவர் எழுந்து நடக்கும் முதல் சில ஆயிரம் அடிகளில்தான் பெரும் பலன் இருக்கிறது. ஒன்பதாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே முழங்காலைப் பணயம் வைப்பதற்கு ஒன்றுமில்லை.

சகோதரிக்கு ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் இருபதடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பி நடக்கும்போது, ஊன்றிய காலை முறுக்கித்தான் உடல் திரும்புகிறது. ஏற்கெனவே தேய்ந்த முழங்காலுக்கு அந்தத் திருப்பம் நேர் நடையைவிடக் கடினம். அதுவும் ரப்பர்ச் செருப்போடு, சிமெண்டுத் தரையில். வீங்கிய காலோடு இலக்கை முடிக்க விடாதீர்கள். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்டையார்பேட்டை நடையர்:
வயது வரம்பைச் சொல்லாமல் விட்டது என் பிழைதான். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். இந்த ஆய்வுகளெல்லாம் மக்களைக் கவனித்து எழுதியவைதானே? நோயால் தளர்ந்தவர் குறைவாக நடப்பார். குறைவாக நடந்ததால் இறந்தார் என்று கணக்கு அவரை எடுத்துக்கொள்ளாதா?

ராயபுரம் இயன்முறையாளர்:
எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தொடக்கத்திலேயே நோயுற்றவர்களை விலக்கியும் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அதனால் ஐயம் குறையுமே தவிர முற்றாகத் தீராது. அந்த ஐயம் பத்தாயிரத்துக்கும் பொருந்தும், ஐயா.

காசிமேட்டு மருமகள்:
நீங்கள் எல்லோரும் அந்தப் பட்டை சரியாக எண்ணுகிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். என் மாமியார் மீன் விற்பவர். விடியலுக்கு முன் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, தெருத் தெருவாகப் போய் விற்றுவிட்டு மதியம்தான் வீட்டுக்கு வருவார். என் கணவர் அவர் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, மாலையில் அதைப் பார்த்து, "அம்மா, நீ நடக்கறதே இல்ல போலிருக்கு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் நானே கூடவே போய், சரியாக 400 அடி வாயால் எண்ணினேன். ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது. பட்டை அந்தக் கையில்தான் இருந்தது. அது காட்டியது 130 சொச்சம். அதே பட்டையைக் கணுக்காலில் கட்டி மறுபடி 400 அடி நடக்கச் சொன்னேன், 391 காட்டியது. அதற்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சில்லு மட்டுமே. கை வீசினால்தான் அது அடி என்று நம்புகிறது. தள்ளுவண்டியைப் பிடித்திருப்பவர், இடுப்பில் பிள்ளையைச் சுமப்பவர், இரு கையிலும் தண்ணீர்க் குடம் தூக்குபவர் நடந்தது முழுதாகக் கணக்கில் ஏறாது. நானோ உட்கார்ந்த இடத்தில் துணிக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்தே நூறு அடிக்கு மேல் சேர்த்திருக்கிறேன்.

உழைத்து நடக்கிற பெண்ணைப் பார்த்து இன்னும் நட என்று ஒரு கருவி சொல்வதும், பெற்ற பிள்ளை அதை நம்புவதும் எனக்கு வலிக்கிறது. அவருக்கு வேண்டியது நடையில்லை. கழுத்துக்கும் இடுப்புக்கும் ஓய்வு.

கொருக்குப்பேட்டைக்காரர்:
எங்கே நடப்பது என்பதையும் பேசுங்கள். எங்கள் பக்கம் ரயில்வே கேட் மூடினால் வண்டிகள் நடைபாதை மேலேயே ஏறி நிற்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் புழுதிக்கும் நடுவே யார் நடப்பார்கள்? நடக்க இடம் தராமல் அடியை மட்டும் எண்ணச் சொல்வது, குற்றத்தை நடப்பவர் மேல் போடுவதாகவே எனக்குப் படுகிறது.

தண்டையார்பேட்டை நடையர்:
காசிமேட்டுச் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு, எல்லோருக்கும் ஒரே எண் என்ற என் பேச்சை விட்டுவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து நோயைத் தேடிக்கொண்ட என்னைப் போன்றவனுக்கு வேண்டியது வேறு, அந்த அம்மாவுக்கு வேண்டியது வேறு. இடமில்லை என்பதும் உண்மை. நானே மழை நாட்களில் மெட்ரோ நிலையத்துக்குள் ஏறி இறங்கித்தான் சமாளிக்கிறேன். ஆனால் எண்ணே வேண்டாம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் இயல்பாக நடந்து, அதன் சராசரியைப் பார்த்து, அதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ கூட்டி வைத்துக்கொண்டால் அந்த எண் நம்முடையதாகிவிடும். விடாமல் இத்தனை நாள் இலக்கை முடித்தாய் என்று பட்டை காட்டும் கணக்கையும் நான் கைவிடமாட்டேன். சோம்பல் வரும் மாலைகளில் வண்ணாரப்பேட்டையில் என்னை இறக்கிவிடுவது அதுதான்.

ராயபுரம் இயன்முறையாளர்:
இலக்கை அப்படி வைத்துக்கொள்வது சரி. நாள் கணக்கில்தான் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. காய்ச்சல் அடிக்கும் நாளும் அந்தக் கணக்குக்கு மற்றொரு நாள்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்றுதான் சொல்கிறது. தினம் தவறாமல் என்று சொல்லவில்லை. கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் முதல் தேவை. எந்தப் பட்டையும் அதை அடியாக எண்ணுவதில்லை.

காலடிப்பேட்டை மகள்:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். மூட்டுத் தேய்மானம்தான், பத்து நாள் நீண்ட நடை வேண்டாம், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள் என்றார். இலக்கைத் தூக்கி எறிய வேண்டும் என்று எழுதியிருந்தேன்; எறியவில்லை. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆறாயிரமாக மாற்றினேன். கால் சரியான பிறகு அதையும் அவர் சராசரியைப் பார்த்துத் திருத்துவோம். குறைத்ததில் அவருக்கு வருத்தம்தான். தோற்றுப்போன மாதிரி இருக்கிறது என்றார். காசிமேட்டுச் சகோதரி எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தம்மா கால்ல கட்டிக்கிட்டு நடந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது காலையும் மாலையும் துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுகிறார். முதல் நாள், "இது வாட்ச்ல ஏறுமா?" என்று கேட்டார். ஏறாது என்றேன். சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பென்சிலால் கோடு போடத் தொடங்கியிருக்கிறார். இன்று காலையோடு ஏழு கோடுகள்.