எக்ஸிட் 8: முக்கால் மணி நேர விளையாட்டுக்கு இவ்வளவு பாராட்டு தகுமா?

பின்னிரவு:
'தி எக்ஸிட் 8' நேற்று முடித்தேன். 2023 நவம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த ஜப்பானியக் கணினி விளையாட்டு, கோடாகே கிரியேட் என்ற பெயரில் ஒரே ஆள் செய்தது. தெரியாதவர்களுக்கு: ஒரு சுரங்கநடைபாதை, அதுவே திரும்பத் திரும்ப வரும். ஏதாவது மாறியிருந்தால் திரும்பிவிட வேண்டும், மாறாவிட்டால் நேரே போக வேண்டும். தொடர்ந்து எட்டு முறை சரியாகக் கணித்தால் வெளியே வரலாம். ஒருமுறை தவறினாலும் பூஜ்யத்திலிருந்துதான். வாரப் பத்திரிகையில் வரும் ஆறு வித்தியாசத்துக்குத் திகில் என்று பெயரா? ஏழு வரை போய், போஸ்டரில் ஒரு ஜோடிக் கண் என்னைப் பின்தொடர்ந்ததைக் கவனிக்காமல் தோற்றேன். பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கதவுக்குமிழ்:
அந்த எரிச்சலுக்கு முந்தைய நிமிடத்தைச் சொல்லுங்கள். ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் எப்படி நடந்தீர்கள்? நான் ஓடுவதையே நிறுத்திவிட்டேன். போஸ்டர்களை எண்ணினேன், கூரை விளக்குகளைப் பார்த்தேன், எதிரே வரும் வெள்ளைச் சட்டைக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான். இன்னொரு சுற்றில் ஒரு கதவின் குமிழ் நட்டநடுவில் இருந்தது. ஒரு குமிழ் இடம் மாறியதற்கு முதுகு சில்லிட்டுப் போனது! காசில்லாததால் ஒரே பாதையை வைத்து ஒப்பேற்றிவிட்டார் என்கிறார்கள். ஒரே பாதை என்பதால்தானே அதன் ஒவ்வொரு மூலையும் நமக்கு மனப்பாடமாகிறது?

பின்னிரவு:
குமிழ் சரி, ஒப்புக்கொள்கிறேன். சிவப்பு வெள்ளம் பாய்ந்து வருகிறதே, அதைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? சில மாற்றங்கள் தூங்கி வழிகிறவனுக்கும் தெரியும், சில பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. கண்காணிப்பு கேமராவை வைத்து 'ஐயாம் ஆன் அப்சர்வேஷன் ட்யூட்டி' என்ற விளையாட்டு 2018-லேயே இந்த வேலையைச் செய்துவிட்டது.

மெட்ரோபயணி:
வெள்ளம் விஷயத்தில் நான் பின்னிரவு பக்கம். ஆனால் எனக்கு வேறொரு வருத்தம். முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாக ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணம் தந்துவிடும். 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுந்திகில் விளையாட்டைச் செய்த எமிகா கேம்ஸ், நல்ல விமர்சனங்கள் வந்தும், இப்படிப் பலர் பணத்தைத் திரும்ப வாங்கியதால் விளையாட்டு செய்வதையே விடுவதாக அறிவித்தது. எக்ஸிட் 8 நான்கு டாலருக்கும் குறைவான விளையாட்டு. முழுச் சாப்பாடு சாப்பிட்டு இலையை மடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதுபோல் இருக்கிறது.

பின்னிரவு:
நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். 15 முதல் 60 நிமிடம் என்று கடைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார், ஏமாற்றவில்லை. என் குறை அந்தப் பூஜ்யம்தான். தவறினால் இரண்டு எண் குறைத்தால் போதாதா?

கதவுக்குமிழ்:
போதாது. இரண்டுதான் போகும் என்றால் ஏழில் நான் நின்று எண்ணியிருக்க மாட்டேன், ஓடியிருப்பேன். அது இருக்கட்டும், நடக்க நடக்கப் போஸ்டர்கள் பெரிதாவதைப் பார்த்தீர்களா?

பின்னிரவு:
இல்லையே. எந்தச் சுற்றில்?

கதவுக்குமிழ்:
அது எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் வரும். இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

பின்னிரவு:
சரி, இன்றிரவு போகிறேன். பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.