டேங்கை எங்கே கழுவுவது?

பெரியப்பா: சம்பாவில் இலையெல்லாம் கண் வடிவில் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

செந்தில்: குலைநோய்தான் அப்பா. பனி இப்படிக் கொட்டினால் கதிர்க் கழுத்துக்கும் வந்துவிடும். நாளைக்கே அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சாண மருந்தை அடித்துவிடலாம், ஏக்கருக்கு 200 மில்லி.

மலர்: அடியுங்கள் அண்ணா. ஆனால் மருந்து அடித்த டேங்கைக் குளத்துப் படித்துறையில் கழுவ விடாதீர்கள்.

செந்தில்: காலங்காலமாக அங்கேதானே கழுவுகிறார்கள்? பாட்டிலில் கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட மருந்தும் இல்லையே.

மலர்: அந்த முக்கோணம் எலியை வைத்துப் போட்ட கணக்கு அண்ணா. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை உள்ளே போனாலே பாதி எலிகள் செத்தால் சிவப்பு, 5000-க்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. குளத்து உயிர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

மலர்: அதற்கு ஆய்வகத்தில் டாப்னியா என்ற நீர்த்தெள்ளை வைத்துப் பார்ப்போம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை மருந்து கலந்த தண்ணீரில் 48 மணி நேரம் விடுவோம். அப்புறம் குடுவையை லேசாக அசைத்து, 15 விநாடிக்குள் எது நீந்தவில்லை என்று எண்ணுவோம். இந்த மருந்தில் லிட்டருக்குக் கால் மில்லிகிராம் அளவிலேயே ஏறக்குறைய பாதி முடங்கிவிடும். பாட்டிலில் 1 மில்லி தங்கினால் 1000 லிட்டர் தண்ணீருக்கு அது போதும்.

ராணி அத்தை: பூஞ்சாணத்துக்கு அடிக்கிற மருந்து பூச்சியை ஏன்மா கொல்லுது?

மலர்: பூஞ்சாணத்தின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் மூச்சை அடைக்கிற மருந்து அத்தை. அதே மைட்டோகாண்ட்ரியா நீர்த்தெள்ளுக்கும் மீனுக்கும் உண்டு. கார்பன்டாசிம் என்ற இன்னொரு பூஞ்சாண மருந்து வேறு வகை, செல் பிரிவதையே தடுக்கும். மண்புழுவுக்கு அது ரொம்பக் கெடுதல்.

ராணி அத்தை: கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி போனால் என்ன ஆகும்?

மலர்: மீன் குஞ்சுகளுக்கு அதுதான் அத்தை தீனி. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைப்பதும் அதுதான். குடுவைக் கணக்கு குளத்துக்கு அப்படியே பொருந்தாது. சேறு கொஞ்சம் பிடித்து வைக்கும், வெயிலும் சிதைக்கும். ஆனால் ஊரில் எத்தனை டேங்க் அதே படித்துறையில் கழுவப்படுகிறது, யோசியுங்கள்.

செந்தில்: சரி. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் நம் வயலிலேயே அடிக்கச் சொல்கிறேன். மருந்து அடிக்கிறவரோடு நானே கூட நிற்கிறேன்.

பெரியப்பா: வடிமடையை நான் அடைத்துவிடுகிறேன், நாலைந்து நாள் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டாம். மேலுரமாக யூரியாவும் இப்போது போடாதே செந்தில், குலைநோய் இன்னும் ஏறும்.

ராணி அத்தை: காலி பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று யாரும் வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது.