ரேப்டர் 700 முன் ஷாக்: மணலுக்கு ஆர்ம் முதலா, ஸ்பிரிங் முதலா?

கிள்ளான்_700

வணக்கம் அண்ணன்மார்களே. வண்டி யமஹா ரேப்டர் 700, நாலு சக்கர ஏடிவி. சாதா மாடல், திருகி அமைக்கும் ஷாக்கோடு வரும் 700ஆர் இல்லை. முன் ஷாக், ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை), டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) எல்லாம் வண்டியோடு வந்தவை. ஹெல்மெட், பூட்ஸ் சேர்த்து என் எடை 98 கிலோ. ஓட்டுவது சிலாங்கூரில் பழைய ஈயக்குட்டை (வெள்ளீயச் சுரங்கம் இருந்த இடம்) மணல் மேடுகளில்.

ரெண்டு தொல்லை. மேட்டிலிருந்து வேகமாக இறங்கிப் பள்ளத்தின் அடிக்கு வரும்போது முன்பக்கம் முழுசாக அமுங்கி இடிக்கிறது. அடுத்தடுத்து வரும் சின்ன மேடுகளில் மூணாவது நாலாவதில் ஹேண்டில் கையைப் பிடுங்குகிறது. பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்கனவே கடைசிப் படியில் இருக்கிறது.

பட்ஜெட் 6,000 வெள்ளி (ரிங்கிட்). +2 ஆர்ம், அதாவது 2 அங்குலம் நீளமான ஆர்ம், போட்டால் தீருமா? சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் போட்டாலே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பிறை_பட்டறை

தம்பி, ஆர்மை இப்போதைக்கு விடுங்க. நீங்க சொன்ன ரெண்டுமே அகலக் குறைவால் வருவதில்லை. 98 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு. வண்டி எப்போதும் பாதி அமுங்கியே ஓடுகிறது. முதல் மேட்டில் அமுங்கியது எழும்புவதற்குள் ரெண்டாவது மேடு வருகிறது, மூணாவதில் அமுங்க இடமே மிச்சமில்லை. அதற்குப் பிறகு வரும் அடி முழுவதும் உங்க கைக்குத்தான்.

பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி நிற்கும் உயரம் மட்டும் ஏறும்.

நீள ஆர்ம் போட்டால் இந்தக் கோளாறு கூடத்தான் செய்யும். கணக்குக்காக, கீழ் ஆர்ம் 400 மி.மீ., ஷாக்கின் கீழ்ப்பிடி உள்முனையிலிருந்து 220 மி.மீ. என்று வைப்போம். விகிதம் 0.55. ஆர்மை 50 மி.மீ. நீட்டிப் பிடியை அங்கேயே விட்டால் விகிதம் 0.49. சக்கரத்தில் ஸ்பிரிங்கின் பலம் இந்த விகிதத்தின் இருமடிப்படி மாறும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். அதே ஸ்பிரிங்தான், சக்கரத்துக்கு மட்டும் இன்னும் மெலிசாகத் தெரியும். சில ஆர்ம்களில் பிடியையும் வெளியே தள்ளி வைத்திருப்பார்கள். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்க.

காசு செலவழிக்கும் முன் சாக் (ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்ற அளவு) அளந்து பாருங்க. சமதரையில் ஜாக் வைத்து முன் சக்கரங்கள் தொங்கும்வரை தூக்குங்க. அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே ஃபெண்டரில் டேப் ஒட்டி, அந்த உயரத்தைக் குறிங்க. ஜாக்கை எடுத்து, ஓட்டும்போது போடும் எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, ரெண்டு மூணு தரம் குலுக்கி, வண்டியைச் சில அடி முன்னே உருட்டுங்க. இந்த உருட்டலை விட்டால் அளவு தப்பும். அமுங்கும்போது டயர் பக்கவாட்டில் நகர வேண்டும், நிற்கிற இடத்திலேயே தரை அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கூட்டாளி ஒருவர் அளக்கட்டும். ரெண்டு அளவின் வித்தியாசம்தான் சாக்.

ரேப்டர் 700-க்கு முன் சக்கர ஓட்டம் (சக்கரம் மேலும் கீழும் நகரும் முழுத் தூரம்) 231 மி.மீ. அதில் 30 விழுக்காடு, கிட்டத்தட்ட 70 மி.மீ., மணலுக்கு நல்ல தொடக்கம். 80-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் மாற்றியே ஆக வேண்டும்.

செந்தூல்_மணல்

பிறை அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. மேட்டின் சரிவில் குறுக்கே ஓட்டும்போது அகலம் உண்மையிலேயே உதவும். +2 ஆர்ம் ஒரு பக்கத்துக்கு 2 அங்குலம் கூட்டும், மொத்தம் 4. ரேப்டரின் 46 அங்குலம் 50 ஆகிவிடும். சக்கரத்தை 1 அங்குலம் முன்னே தள்ளும் +2+1 ஆர்ம் என்றால் இறக்கத்தில் தலைகுப்புறக் கவிழும் பயமும் குறையும். ஆனால் ஷாக்கை முடித்த பிறகுதான் அது. நீள டை ராட், நீள பிரேக் ஹோஸ் ரெண்டையும் கூடவே வாங்க வேண்டும். பழைய ஹோஸை இழுத்துக் கட்டினால் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது அறுந்துபோகும்.

ஸ்பேசர் வேண்டாம். சக்கரம் திரும்பும் புள்ளியிலிருந்து டயர் வெளியே போய்விடும். ஒவ்வொரு அடியும் நீள நெம்புகோலாக ஹேண்டிலுக்கு வரும், வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். கை பிடுங்குகிறது என்று கேட்பவருக்கு ஸ்பேசர் நேர் எதிர் மருந்து.

இணையத்தில் கிடைக்கும் மணல் செட்டிங்குகளை அப்படியே போடாதீர்கள். அவை கலிஃபோர்னியாவின் கிளாமிஸ், துபாய் பக்கத்து அல் பதாயர் மாதிரி காய்ந்த, நீளமான மேடுகளுக்கானவை. நம்ம குட்டை மணல் மழைக்குப் பிறகு கெட்டிப்பட்டுவிடும், விளிம்புகள் கூராக நிற்கும். கம்ப்ரஷனை (ஷாக் அமுங்கும்போது கொடுக்கும் தடை) அங்கே போடுவதைவிடக் கொஞ்சம் இளக்கமாக வைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, மணலை ஒட்டியே ஈயம் அலசிய வண்டல் சேறும் கிடக்கும். மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே களி. நிறம் மாறுகிற இடத்தில் இறங்கி நடந்து பார்க்காமல் வண்டியை விடாதீர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவர் பார்க்க 8 அடிக் கொடியும் கட்டுங்கள்.

கிள்ளான்_700

நன்றி அண்ணே. அளந்தேன், 92 மி.மீ. வருகிறது. பழைய 700ஆர் முன் ஷாக் ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எங்கே ஆரம்பிப்பது?

பிறை_பட்டறை

92 என்றால் 40 விழுக்காடு. சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங்தான்.

700ஆர் ஷாக் உங்க வண்டியில் நேராகப் பொருந்தும். பிரீலோட், ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப எழும்பும் வேகம்), ஹை ஸ்பீட், லோ ஸ்பீட் கம்ப்ரஷன் எல்லாம் தனித்தனியாகத் திருகலாம். இந்த ஸ்பீட் ஷாக் அமுங்கும் வேகம், வண்டி வேகம் இல்லை. வாங்கும்போது ஷாஃப்டில் நகத்தால் தடவிப் பாருங்க. கோடு தட்டினால் வேண்டாம், அந்தக் கோடு புது சீலையும் கிழித்துவிடும். ஆனால் அதன் ஸ்பிரிங்கும் 98 கிலோவுக்குப் போதாது. ஆயில், சீல் மாற்றுவதோடு கனமான ஸ்பிரிங்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. உடுப்போடு எடை, வண்டி மாடல், ஆர்ம் நீளம், ஓட்டும் இடம் நாலையும் கொடுத்தால்தான் சரியான ஸ்பிரிங் கிடைக்கும். +2 ஆர்ம் பிறகு வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்க. இல்லாவிட்டால் ஸ்பிரிங்குக்கு ரெண்டு தரம் காசு போகும்.

ஷாக்குக்குள் அடைக்கும் நைட்ரஜன் இல்லாத பட்டறையில் ஷாக்கைத் திறக்கவே விடாதீங்க. சாதாரணக் காற்றில் ஈரம் இருக்கும், சூடேறும்போது அழுத்தம் நிலையாக இருக்காது.

பூட்டிய பிறகு முதலில் சாக் 70-க்குக் கொண்டு வாங்க. பிறகு ரீபவுண்ட். ஸ்குரூவை உள்ளே முழுசாக மெதுவாகத் திருகி, அங்கிருந்து வெளியே எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்க. ஒரே மேட்டு வரிசையில், ஒரே வேகத்தில், ஒரு தரத்துக்கு ரெண்டு கிளிக் மட்டும். முன்பக்கம் போகப்போகத் தாழ்ந்து கெட்டிப்பட்டால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது, வெளியே திருகுங்க. மேட்டுக்கு மேட்டு எகிறித் துள்ளினால் உள்ளே. அது சரியான பிறகுதான் கம்ப்ரஷனைத் தொடணும். பள்ளத்தின் அடியில் மெதுவாக ஆழமாக அமுங்குவதற்கு லோ ஸ்பீட், தாவி விழும்போது இடிப்பதற்கும் கூரான விளிம்புக்கும் ஹை ஸ்பீட். ரெண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பின் ஷாக்கையும் பாருங்க. அங்கே ஓட்டம் 256 மி.மீ., சாக் 77 பக்கம் வரட்டும். முன்னால் கெட்டி, பின்னால் மெலிசு என்றால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

உயரம் மாறியதால் டோவும் (முன் சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும். ஹேண்டிலை நேராகக் கட்டி, ஆள் உட்கார்ந்த நிலையில், அச்சு உயரத்தில் டயர்களின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் அளங்க. முன்னால் 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்கணும். ரெண்டு டை ராடையும் ஒரே அளவு திருகுங்க. லாக் நட்டை இறுக்கி, மேலே பெயின்ட் கோடு போட்டுவிட்டால் கழன்றது கண்ணுக்கே தெரியும்.

ஷாக்குக்குத் துணி உறை போடாதீங்க. ஈர மணல் உள்ளே தங்கி ஷாஃப்டைத் தேய்க்கும். கழுவும்போது ஜெட்டை சீலுக்கு நேராகப் பிடிக்காமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றி விடுங்க. முதல் ஓட்டம் முடிந்ததும் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட், பேரிங், ஆர்ம் புஷ் எதுவென்று கண்டுபிடித்து மாற்றிவிட்டு மறுபடி டோ அளங்க.