மறுமொழி: ‘பைல்-ஆன்’ – திரள்வசையா, திரள்சாடலா?

நண்பர்களுக்கு வணக்கம். இணையத்தில் ஒருவர் மேல் பலர் திரண்டு பாய்வதை ஆங்கிலத்தில் ‘பைல்-ஆன்’ (pile-on) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் இவை.

> ஒருவர் மேல் எல்லாரும் பாய்ந்து திட்டுவதுதானே? ‘திரள்வசை’ போதும்.

ஐயா, ‘திரள்’ மிகச் சரி, அதை விட்டுவிடக் கூடாது. எனக்குத் தயக்கம் ‘வசை’யில்தான்.

பைல்-ஆன் நடக்கும் இடத்தில் பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். வசையும் இருக்கும். ஆனால் “இது தவறான தகவல்”, “இப்படி எழுதலாமா?”, “உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை” என்று நாகரிகமாக எழுதியவர்களும் ஏராளமாக இருப்பார்கள். எழுதியவருக்கு அது ஒரே ஒரு வரி. வாங்கிக்கொள்பவருக்கு அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வரிகள் சேர்ந்து ஒரு மனிதரை நசுக்கிவிடுகின்றன. நம் சொல் அதைப் பிடிக்க வேண்டும். ‘வசை’ என்று பெயர் வைத்தால், “நான் திட்டவில்லையே, திருத்தத்தானே செய்தேன்” என்று நல்லெண்ணம் உள்ளவர்கள் அத்தனை பேரும் வெளியே போய் நின்றுகொள்வார்கள். அரசியல், மதம், மொழி என்று எதை எடுத்தாலும் இரண்டாகப் பிளந்து நிற்கும் காலத்தில், நியாயம் தன் பக்கம் என்று நம்புகிறவர்தான் முதலில் கை ஓங்குகிறார். அவருக்கும் உறைக்கிற சொல் வேண்டும். அதனால் ‘திரள்சாடல்’ என்பது என் முன்மொழிவு.

> ‘மொய்சாடல்’ இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். மொய் என்பதற்கு நெருக்கம், கூட்டம், போர் என்ற பொருள்களெல்லாம் அகராதியில் உண்டு. ஆனால் இன்றைய வழக்கில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு பொருள்தான் முதலில் வரும். விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிய சொல் நிலைக்காது.

> ‘படையெடுப்பு’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் அது வேறு நிகழ்வு. ஒரு குழு பேசிவைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்துக்குள் இறங்குவதை ‘பிரிகேடிங்’ என்கிறார்கள். ‘படையெடுப்பு’ அதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும், அங்கேயே வைத்துக்கொள்வோம். திரள்சாடலை யாரும் திட்டமிட வேண்டியதில்லை. பின்தொடர்வோர் அதிகம் உள்ள ஒருவர் ஒரு பதிவை மேற்கோள் காட்டி நாலு வார்த்தை சேர்க்கிறார். எழுதியவர் யார், எதற்குப் பதிலாக அதை எழுதினார் என்று தெரியாத கூட்டத்தின் முன் அந்த ஒரு வரி மட்டும் வந்து விழுகிறது. அப்புறம் வேலையைத் தளமே பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் கண்டிக்கும் பதிலும் அதன் கணக்கில் ஈடுபாடுதான், ஈடுபாடு கூடக் கூடப் பதிவை இன்னும் பலருக்குக் காட்டும். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்ற கணக்கில் பேஸ்புக் 2017 முதல் கோபக்குறி உள்ளிட்ட எதிர்வினைக் குறிகளுக்கு விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து வந்தது. கோபக்குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது 2020-ல்தான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1.27 கோடி ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. அறச்சீற்றத்துக்கு விருப்பக்குறியும் பகிர்வும் கிடைத்தவர்கள் அடுத்தடுத்த பதிவுகளில் இன்னும் சீறினார்கள். கைதட்டல் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஆகவே ‘ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்’ என்று விருப்பக்குறி இடுவதையும் இந்தச் சொல்லுக்குள் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தளங்களை வடிவமைப்பவர்களுக்கும் இது புரிந்திருக்கிறது. மாஸ்டடான் என்ற சமூக ஊடகத் தளம் பல ஆண்டுகள் மேற்கோள் பதிவு வசதியே வேண்டாம் என்று இருந்தது. 2025-ல் அதைக் கொண்டுவந்தபோது, யார் தன்னை மேற்கோள் காட்டலாம் என்று முடிவு செய்யும் உரிமையை எழுதியவரிடமே கொடுத்தது. ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்தில் 2024 முதல், பிறர் காட்டிய மேற்கோளிலிருந்து நம் பதிவைக் கழற்றிக்கொள்ளலாம்.

இனி வரையறைக்கு வருவோம். ஆயிரம் பேர் கண்டித்தால் எல்லாம் திரள்சாடல் ஆகிவிடாது. அதிகாரத்தில் இருப்பவரையோ பெரிய நிறுவனத்தையோ மக்கள் கேள்வி கேட்பது இதில் வராது. இந்த இடத்தில் வரையறை தளர்ந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் சொல்லையே கேடயமாகப் பிடிப்பார்கள். என் வரைவு இது:

‘தமக்குச் சமமான குரலோ அதிகாரமோ இல்லாத ஒரு தனிமனிதரை, இணையத்தில் பலர், முன்கூட்டித் திட்டமிடாமலே, குறுகிய நேரத்தில் திரண்டு கண்டிப்பது அல்லது கேலி செய்வது, சொற்கள் கடுமையாக இருக்க வேண்டியதில்லை.’

‘குறுகிய நேரம்’ வேண்டுமா என்று யோசியுங்கள். சில பேருக்கு இது மாதக்கணக்கில் ஓடுகிறது.

> அப்படியானால் தவறு செய்தவரைத் திருத்தவே கூடாதா?

திருத்த வேண்டும், அம்மா. அதற்குத்தான் நம்மிடம் ‘இடித்துரை’ என்ற பழைய சொல் இருக்கிறது, அது நண்பர் செய்யும் வேலை. பதிலிடும் முன் ஏற்கெனவே எத்தனை பதில்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். நாம் சொல்ல நினைத்ததை இருபது பேர் சொல்லிவிட்டிருந்தால் நம் வரி எதையும் திருத்தப் போவதில்லை, எடையைத்தான் கூட்டும். பழக்கமானவர் என்றால் தனிச்செய்தி அனுப்பலாம். பரவும் தவறான தகவலைப் பொதுவில் மறுத்தே ஆக வேண்டும் என்றால், எழுதியவரின் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுத் தகவலை மட்டும் மறுக்கலாம்.

கடைசியாகப் புணர்ச்சி. ‘முட்செடி’ போல ‘திரட்சாடல்’ என்று வர வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை. இது ‘கொள்கலன்’ போல வினைத்தொகை, ளகரம் திரியாது. திரண்ட, திரள்கின்ற, திரளும் சாடல் என்று மூன்று காலமும் உள்ளே நிற்பதும் நமக்கு வசதி, ஏனென்றால் தனியாகச் சாடலாக இல்லாத திருத்தமும் திரளத் திரளச் சாடலாகிறது. வினையாக எழுதும்போது ‘அவரைத் திரண்டு சாடினார்கள்’ என்று இயல்பாகவே வரும்.

வரையறையில் ‘கேலி’ போதுமா, ‘எள்ளல்’ வேண்டுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. திருத்தங்களை இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.