டிக்கியில் என்னென்ன இருக்கிறது?

குழு: பெரிய வீட்டு உறவுகள்

வியாழன், இரவு 8:12

நான்: [புகைப்படம்]
வண்டி ரெடி. காலை 4 மணிக்குத் திருப்பூரிலிருந்து கிளம்புகிறோம். இ-பாஸ் எடுத்தாகிவிட்டது.

கோத்தகிரி அத்தை: வாங்க கண்ணு, வாங்க. புது வீட்டில் பால் காய்ச்சுவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. அதற்குள் எல்லோரும் இங்கே இருக்க வேண்டும்.

ஈரோடு அக்கா: அட, கேரவன் அழகாக இருக்கிறதே! நான் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சின்னுவைப் பத்திரமாகக் கூட்டிப் போ.

கோத்தகிரி மாமா: மாப்பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி உட்கார்ந்திருக்கிறதே?

நான்: நின்றுகொண்டுதானே இருக்கிறது மாமா.

கோத்தகிரி மாமா: பின் சக்கரத்துக்கு மேலே கை நுழையுமா பார். முன்னால் பார், முழங்கை வரைக்கும் போகும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டிக்கியில் என்னென்ன இருக்கிறது?

நான்: பெரிதாக ஒன்றும் இல்லைங்க மாமா. வழக்கமான சாமான்கள்தான்.

சின்னு: தாத்தா, நான் சொல்கிறேன். பின் கட்டிலுக்குக் கீழே 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஃபுல். டிக்கியில் மூன்று கேன் தண்ணீர். அம்மிச்சி கொடுத்த அரிசி இரண்டு சிப்பம், பித்தளை அண்டா. கேரியர் மேலே டென்ட், நாற்காலி, மேஜை, ஒரு சாக்கு தேங்காய். பின் கதவில் தம்பிகளின் சைக்கிள் இரண்டு. அப்புறம் சிலிண்டர். துணிப் பைகளை எண்ணவில்லை.

அம்மா: தேங்காய் அறுபதுதான். விசேஷ வீட்டுக்கு அதுகூட இல்லாமலா?

கோத்தகிரி மாமா: அக்கா, தேங்காயைக் குறை சொல்லவில்லை. அது கூரை மேல் ஏன் போனது என்றுதான் கேட்கிறேன்.

நான்: உள்ளே இடம் இல்லைங்க. வண்டியை மாற்றிக் கட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் வெளியே மட்டும் நான்கு பெட்டி வைத்திருக்கிறார், கூரையில் கேரியர் வேறு. பெட்டி இருந்தால் நிரப்பலாம் என்றுதானே அர்த்தம்?

லண்டன் அண்ணன்: இல்லை தம்பி. பெட்டியில் எவ்வளவு கொள்ளும் என்பது வேறு, வண்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு. ஆர்.சி.யை எடு. அன்லேடன் (வெறும் வண்டி) எவ்வளவு, லேடன் (பாரத்தோடு அதிகபட்சம்) எவ்வளவு?

நான்: அன்லேடன் 3,180. லேடன் 3,850.

லண்டன் அண்ணன்: ஆக 670 கிலோ. அதில் ஆட்கள் எத்தனை பேர்?

சின்னு: ஏழு பேர். கூட்டிப் பார்த்தேன், 390 கிலோ.

அம்மா: என் எடையை யார் குழுவில் போட்டது?

சின்னு: மொத்தம்தான் போட்டேன் அம்மிச்சி. தனித்தனியாகச் சொல்ல மாட்டேன்.

ஈரோடு அக்கா: டிரைவரை ஏன் கணக்கில் சேர்க்கிறீர்கள்? வண்டி எடையிலேயே அவர் வந்துவிட மாட்டாரா?

லண்டன் அண்ணன்: இங்கே வருவார். ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் பேப்பரில் போடும் எடையில் டிரைவருக்கு 75 கிலோ சேர்ந்தே இருக்கும், டீசலும் ஏறத்தாழ முழுதாக. நம் ஊர் மோட்டார் வாகனச் சட்டத்தில் அன்லேடன் என்றால் டிரைவர் இல்லாமல். இதில்தான் பலரும் ஏமாறுவது.

நான்: அப்படியென்றால் சாமானுக்கு மிச்சம் 280.

சின்னு: அதில் தண்ணீர் மட்டும் 210 மாமா. ஒரு லிட்டர் ஒரு கிலோ.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கோத்தகிரி மாமா: கோத்தகிரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறாயா மாப்பிள்ளை? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இருக்கிறது.

நான்: செக்போஸ்ட்டில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டிலை எல்லாம் வாங்கிவைத்துக்கொள்வார்களே, அதனால்தான் கேனாக எடுத்தேன். தொட்டி முழுதாக இருந்தால் எங்கே நிறுத்தினாலும் குளிக்கலாம் என்று...

கோத்தகிரி அத்தை: என் வீட்டில் வெந்நீரே இருக்கிறது கண்ணு.

இரவு 9:05

அப்பா: மாட்டு வண்டி ஓட்டியவனுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாடு இழுக்காமல் நின்றுவிடும். ஏற்றும்போதே சொன்னேன், யார் கேட்டது?

கோத்தகிரி மாமா: மச்சான் சொல்வது அப்படியே மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். மாடு நின்றுவிடும், வண்டி நிற்காது, அதுதான் வம்பு. பின் ஆக்ஸிலுக்கு, அதாவது பின் சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கும். மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பாய், முன் டயர் தரையைப் பிடிக்காமல் நேராக வழுக்கும். ஸ்டியரிங் பூப்போல லேசாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதே.

சின்னு: கணக்கு போட்டேன் தாத்தா. இந்த வண்டியின் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 3.7 மீட்டர். தண்ணீர்த் தொட்டி பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால். 150 கிலோவை 4.7-ஆல் பெருக்கி 3.7-ஆல் வகுத்தால் 190. தொட்டி 150 கிலோதான், ஆனால் பின் ஆக்ஸிலில் 190 ஏறுகிறது. அந்த 40 முன் ஆக்ஸிலிலிருந்து எடுத்தது.

ஈரோடு அக்கா: இதற்குத்தான் பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறேன் 😄

லண்டன் அண்ணன்: இங்கே வரும் பல வண்டிகளில் பின்னால் வெளிக்கதவு வைத்த பெரிய அறை இருக்கும், கராஜ் என்பார்கள். ஸ்கூட்டரே உள்ளே போகும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று ஒட்டியிருப்பார்கள். கூரைக்கும் தனி அளவு உண்டு, அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. நான் லைசென்ஸ் வாங்கியது 1997-க்குப் பிறகு என்பதால் 3,500 கிலோ வண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கெட்டிலைக்கூட எடை போட்டிருக்கிறேன்.

அம்மா: பாவம், அங்கே டீ குடிப்பதற்குக்கூட கணக்கா.

ஈரோடு அக்கா: இங்கே மட்டும் சும்மா விடுவார்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000.

நான்: இப்போது இறக்குவதா? எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி, தார்பாய் போர்த்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

கோத்தகிரி மாமா: மேட்டுப்பாளையம் வரை சமவெளிதான், மெதுவாக வா. உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் லாரிகளுக்கு எடை மேடை இருக்கும். முதலில் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்ஸில் கிடைத்துவிடும். எல்லோரும் உள்ளே உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

அம்மா: நானுமா?

கோத்தகிரி மாமா: நீங்களும்தான் அக்கா.

வெள்ளி, காலை 6:21

நான்: [புகைப்படம்]
எடைச் சீட்டு. மொத்தம் 4,060. முன் ஆக்ஸில் 1,330. பின் ஆக்ஸில் 2,730.

சின்னு: வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் பின் ஆக்ஸிலுக்கு 2,450-தான் அளவு. மொத்தத்தில் 210 அதிகம், பின்னால் 280 அதிகம். முன்னால் அளவுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது.

கோத்தகிரி மாமா: நல்லவேளை, குஞ்சப்பனை மலைப்பாதையில் ஏறுவதற்கு முன்னால் தெரிந்தது. மேடைக்காரர் என்ன சொன்னார்?

நான்: சிரித்தார். கல்யாண வீடா என்று கேட்டார்.

கோத்தகிரி மாமா: தொட்டியைத் திறந்து விடு. பாதி விடாதே, முழுதாகக் காலி செய். பாதித் தொட்டி வளைவில் அங்கும் இங்கும் அலம்பி வண்டியை ஆட்டும். ஒன்று ரொம்பி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியாக இருக்க வேண்டும்.

அப்பா: மேடைக்குப் பின்னால் நான்கு வாழை நிற்கிறது, அதற்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

கோத்தகிரி மாமா: கேனில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், அதுவும் முன் சீட்டுக்குப் பின்னால். தேங்காயைக் கூரையிலிருந்து இறக்கி நடுவில் தரையோடு வை. அதனால் எடை குறையாது, ஆனால் வளைவில் வண்டி சாய்வது குறையும். அரிசியும் நடுவில்.

சின்னு: இன்னும் கொஞ்சம் இடிக்கும் போல. பின் கதவில் தொங்கும் சைக்கிள் இரண்டும் சேர்ந்து 32 கிலோ. ஆக்ஸிலிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பதால் பின் ஆக்ஸிலில் 48 காட்டும்.

நான்: பையன்கள் அழுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் சித்தப்பா: இப்போதுதான் பார்க்கிறேன். பத்து நிமிடத்தில் டெம்போவோடு வருகிறேன். சைக்கிள் என் வீட்டில் இருக்கட்டும், திரும்பும்போது இரண்டு நாள் இங்கேயே ஓட்டட்டும்.

காலை 7:34

நான்: மறுபடி எடை போட்டாகிவிட்டது. மொத்தம் 3,840. முன் 1,425, பின் 2,415. மேடைக்காரர் இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கவில்லை.

லண்டன் அண்ணன்: இங்கே ராத்திரி மூன்று மணி. இதைப் பார்க்கத்தான் விழித்திருந்தேன். டயர் காற்றும் பார்த்துவிட்டு ஏறு தம்பி. தூங்கப் போகிறேன்.

காலை 9:48

நான்: வந்து சேர்ந்தோம். ஸ்டியரிங் கல் மாதிரி கையில் நின்றதுங்க மாமா. நேற்று இரவு வீட்டுத் தெருவில் ஓட்டிப் பார்த்தபோது படகு மாதிரி இருந்தது. புது வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கோத்தகிரி அத்தை: டீ போட்டாச்சு, போனைப் பார்த்தது போதும். ராத்திரி வெளிப் பெட்டிகளில் எண்ணெய், வெல்லம், பழம் எதையும் விட்டு வைக்காதீர்கள். போன வாரம் கரடி வந்து பக்கத்து வீட்டு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போனது. பூட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகலில் குரங்கு.

திங்கள், காலை 7:10

கோத்தகிரி அத்தை: அக்கா, அரிசி, தேங்காய், அண்டா எல்லாம் இங்கே இறங்கிவிட்டது. சின்னு கணக்குப்படி 110 கிலோ காலி. அதனால் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு சொல்லிவிட்டேன். கேரட், பீட்ரூட் தனி.

அம்மா: நல்லது. தெருவில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

கோத்தகிரி மாமா: ஒரு மூட்டை 45 கிலோ. இரண்டு என்றால் 90. ஏறியதைவிட இறங்குவதற்குத்தான் வண்டி லேசாக இருக்க வேண்டும். 28 வருடம் இந்த ரோட்டில் பஸ் ஓட்டினேன். ஏற்றத்தில் பாரம் அதிகமானால் வண்டி திணறும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடாகி வாசனை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.

சின்னு: கோத்தகிரி 1,793 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325. 3,800 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் ஏறத்தாழ 15 யூனிட் கரன்ட் அளவுக்குச் சூடு. இன்ஜின் வாங்கிக்கொண்டது போக மீதியில் பெரும்பங்கு பிரேக்குக்குத்தான்.

ஈரோடு அக்கா: 15 யூனிட் என்றால்?

சின்னு: 2,000 வாட் கீசரை ஏழரை மணி நேரம் விடாமல் போடுவது. 33 கிலோமீட்டரில்.

கோத்தகிரி மாமா: அதனால்தான் செகண்ட், தேர்டு கியரிலேயே இறங்கச் சொல்வது. எந்த இடத்தில் எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு. நியூட்ரலில் விட்டாய் என்று தெரிந்தால் அடுத்த தடவை பஸ்ஸில்தான் வர வேண்டும்.

நான்: சரிங்க மாமா. கழுவிய தண்ணீர் தொட்டி பாதிக்கு மேல் ரொம்பியிருக்கிறது, அதையும் காலி செய்துவிடுகிறேன். கீழே ஓடையில் விட்டால்...

கோத்தகிரி மாமா: ஓடையிலா? அதுதான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறது. நம் கக்கூஸ் குழிக்கு ஹோஸ் போட்டு விடு.

கோத்தகிரி அத்தை: அப்படியென்றால் கிழங்கு ஒரு மூட்டை. பலாப்பழமும் வாங்கி வைத்திருந்தேன், ஒன்றே ஒன்று.

கோத்தகிரி மாமா: பலாப்பழம் வேண்டாம். குஞ்சப்பனையில் இப்போது பலா சீசன், யானை ரோட்டோரம்தான் நிற்கும். மணக்க மணக்க டிக்கியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலா போவது? இங்கேயே அறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

பகல் 12:40

மேட்டுப்பாளையம் சித்தப்பா: வந்துவிட்டார்கள். பையன்கள் சைக்கிளோடு தெருவில். பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிகிறது.

கோத்தகிரி மாமா: நல்லது. டிக்கியில் என்ன இருந்தது?

மேட்டுப்பாளையம் சித்தப்பா: டென்ட்டும் துணிப் பையும்தான்.

கோத்தகிரி அத்தை: கிழங்கு மூட்டை எங்கே? விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா?

அம்மா: நடு சீட்டில், என் காலடியில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து கால் நீட்டாமல் வந்திருக்கிறேன்.