மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்குக் குற்றவாளிகள் அஞ்சுகிறார்களா?

கேள்வி: டெக்சாஸ்வாசி
ஹூஸ்டனில் பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய கடையொன்றை நடத்தும் உறவினருக்கு உதவியாக இரவில் கல்லாவில் அமர்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பியோரில் பெரும்பாலோர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்லலாம். எவரிடம் ஆயுதம் இருக்கும் என்று தெரியாததால் கொள்ளையர்கள் தயங்குவார்கள் என்று வாடிக்கையாளர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இதற்குச் சான்று உண்டா?

பதில்: வைகைக்கரை
இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது, ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு. துப்பாக்கி எடுத்துச் செல்லும் அனுமதியை எளிதாக்கிய மாநிலங்களில் வன்முறைக் குற்றங்கள் குறைந்தன என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் 1980களின் இறுதியில் கிராக் போதைப்பொருளால் பெருகிய கொலைகள் எல்லா மாநிலங்களையும் ஒரே அளவில் தாக்கவில்லை. நியூயார்க், கலிபோர்னியா போன்ற கட்டுப்பாடுள்ள மாநிலங்களே அதிகம் பாதிக்கப்பட்டதால், மற்ற மாநிலங்களின் சட்டம் பலன் தந்ததைப் போன்ற தோற்றம் எழுந்திருக்கக்கூடும். 2004இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு எல்லாத் தரவுகளையும் பரிசீலித்து, இச்சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தது. அக்குழுவில் இருந்த ஜேம்ஸ் கியூ. வில்சன் மட்டும், கொலைகள் குறைந்தன என்ற பகுதியை ஏற்கலாம் என்று மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். பின்னர் 2019இல் ஜான் டொனஹியூ குழுவினர், சட்டம் வந்து பத்து ஆண்டுகளில் வன்முறைக் குற்றம், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்ததாக மதிப்பிட்டார்கள். நான் இம்முடிவையே நம்புகிறேன். கார்களில் விட்டுச் செல்லப்படும் துப்பாக்கிகள் திருடப்பட்டுக் குற்றவாளிகளின் கைக்கே போவது இதற்கு முக்கியமான ஒரு காரணம்.

பதில்: நெல்லைத் தம்பி
வைகைக்கரை அவர்கள் சொல்வது மாநில அளவிலான சராசரி. உரிமம் பெற்றவர்கள் குற்றத் தீர்ப்புப் பெறுவது மிகவும் அரிது என்பதை டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கைகளே காட்டுகின்றன. போலீஸ் வந்து சேர நேரமாகும் இடத்தில் தனியாக இருக்கும் ஒருவரிடம், சராசரியைக் காட்டி ஆயுதம் வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது.

பதில்: வைகைக்கரை
உரிமம் பெற்றவர்களின் ஒழுங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து திருடப்படும் துப்பாக்கி அந்தக் கணக்கில் வராது. மேலும், அமெரிக்கக் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு உள்ளானவர்களில் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்கள் சுமார் 1 சதவீதம்தான். திடீரென்று தாக்கப்படுபவருக்கு அதை எடுக்க அவகாசமே கிடைப்பதில்லை.

பதில்: சட்டம் படித்தவள்
கேட்டவர் முதலில் தமது விசாவைப் பார்க்க வேண்டும். மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும், எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்குகிறது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. உறவினரின் துப்பாக்கி கல்லாவுக்குக் கீழே இருந்து, நீங்கள் தனியாகக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தால், அது உங்கள் வசம் இருப்பதாகவே வழக்கு வரலாம்.